இரவல் கண்கள்

வேம்பூரணியில் இருபது வருடங்களாகச் செத்துப்போன எல்லோரும் நான்கு ஜோடிக் கண்களால்தான் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆணுக்கு ஒரு ஜோடி, பெண்ணுக்கு ஒரு ஜோடி, மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று. வெண்புறா டிஜிட்டல் என்ற ஃபிளக்ஸ் கடையின் கம்ப்யூட்டரில் 'கண்' என்று பெயர் வைத்த ஃபோல்டரில் அவை கிடந்தன. உயிரோடு இருக்கும்போது படம் பிடித்துக்கொள்ளாதவர்கள் அந்த ஊரில் அதிகம். ஆள் போன பிறகு, ஐஸ் பெட்டியில் கிடத்தி, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, நெற்றியில் காசு ஒட்டிய முகத்தை யாராவது செல்போனில் எடுத்துக் கொண்டுவருவார்கள். கடை முதலாளி அமலதாஸ் முதலில் துணியை அழிப்பார், காசை அழிப்பார், மூக்கிலிருக்கும் பஞ்சை அழிப்பார், கடைசியில் மூடிய இமைகளையும் அழித்துவிட்டு ஃபோல்டரைத் திறந்து ஒரு ஜோடிக் கண்ணை இழுத்து வந்து பொருத்துவார். பத்து மணிக்குள் பஸ் ஸ்டாண்டு மதில் சுவரில் இறந்தவர் விழித்துக்கொண்டு நிற்பார். அது யாருடைய பார்வை என்று யாரும் கேட்டதில்லை. கண் திறந்தாச்சா என்று மட்டும்தான் கேட்பார்கள்.

அந்தக் கடைக்கு நாகஜோதி வந்தது வேறு எங்கும் இடம் கிடைக்காததால்தான். மதுரையில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அறுபது நாள் ஒரு டிசைன் நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் முடித்துச் சான்றிதழ் கொண்டுவராவிட்டால் பட்டம் இல்லை என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் முப்பத்தொரு மின்னஞ்சல் அனுப்பினாள். மூன்று பேர் 'நன்றி' என்று எழுதினார்கள், மற்றவர்கள் அதுவும் எழுதவில்லை. அவளுடைய அம்மா செல்லக்கனி இட்லி மாவு அரைத்து வீடு வீடாக விற்று அவளைப் படிக்க வைத்தவள். அப்பா திருப்பூரில் இன்னொரு குடும்பத்தோடு இருந்தார். பட்டமும் சென்னையில் ஒரு வேலையும் கிடைத்தால் அம்மாவை மாவு அரைக்கிற அந்த ஈரத் தரையிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்பது ஒன்றுதான் நாகஜோதி மனதில் வைத்திருந்த கணக்கு. அந்த ஒன்றுக்காகத்தான் அவள் ஒரு காலை வெண்புறா டிஜிட்டலின் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

"இன்டர்ன்ஷிப்புன்னா என்ன பாப்பா?" என்று கேட்டார் அமலதாஸ்.

"சம்பளம் இல்லாம வேலை பாத்துக் கத்துக்கிறதுண்ணே."

"இதுக்கு இப்படி ஒரு பேரு இருக்கா! எங்க வீட்டுக்காரி இருபது வருசமா அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கா. அவளுக்கு ஒரு சான்றிதழ் குடுக்கணுமே."

உள்ளே மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த பால்பாண்டி எட்டிப் பார்த்துச் சிரித்தான். நாற்பதைத் தாண்டியவன், ஃபிளக்ஸ் மையில் பத்து விரலும் நான்கு நிறமாக இருக்கும். "டிசைனர் மேடம் வந்தாச்சு. இனிமே மாப்பிள்ள படத்துக்குப் பின்னாடி சிங்கத்த நேரா நிக்க வைக்கலாம்" என்றான். முன்பிருந்த டிசைனர் துபாய் போய் இரண்டு மாதமாகியிருந்தது. மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கே வரச்சொன்னார் அமலதாஸ். சாவு விழுந்த கேதச் செய்திகள் அந்த நேரத்தில்தான் வரும்.

முதல் பத்து நாள் பூப்புனித நீராட்டு விழாக்கள், காதணி விழாக்கள், கட்சிக்காரர்களின் பிறந்தநாள்கள். வாழ்த்துகிறவர்களின் தலைகளை வரிசை வரிசையாக அடுக்கும்போது யார் தலை யார் தலையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே வடிவமைப்பின் முதல் விதி என்று கற்றுக்கொண்டாள். பதினோராவது நாள் குருவம்மாள் வந்தாள். நாகஜோதியின் தெருக்காரி, பால் சொசைட்டியில் வேலை பார்ப்பவள். அவளுடைய அப்பா இரவில் போய்விட்டார். எழுபத்தெட்டு வயதில் ஒரு படம்கூட இல்லாத மனிதர். ஐஸ் பெட்டிப் படத்தைக் கொண்டுவந்திருந்தாள். அமலதாஸ் ஊரில் இல்லை. நாகஜோதி துணியை அழித்தாள், காசை அழித்தாள், பஞ்சை அழித்தாள், இமைகளை அழித்தாள். ஃபோல்டரைத் திறந்து ஆண் கண்ணை இழுத்து வைத்ததும் குருவம்மாள் திரையைப் பார்த்தாள்.

"இது எங்கப்பா பார்க்கிற மாதிரி இல்லையேடி, நாகு. இது போன மாசம் செத்த ரைஸ்மில்காரர் பார்த்த மாதிரில்ல இருக்கு."

அது உண்மைதான். அங்கேதான் நாகஜோதிக்கு அந்த யோசனை வந்தது. கல்லூரி படித்த பெண்ணுக்கு வரக்கூடிய, நியாயமான, நல்ல யோசனை. பெற்றவரின் கண் பிள்ளையிடம்தானே இருக்கும்? குருவம்மாளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, ஒரு விம்மலுக்கும் அடுத்த விம்மலுக்கும் இடையில் அவள் மூச்சு வாங்கிய நேரத்தில், செல்போனில் அவளுடைய கண்களை எடுத்தாள். இமைமயிரின் கருமையைக் குறைத்தாள், சுருக்கம் சேர்த்தாள், வெள்ளை விழியில் கொஞ்சம் மஞ்சள் ஏற்றினாள், பொருத்தினாள். கிழவர் குருவம்மாளைப் பார்த்தார். குருவம்மாள் "அப்பா" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவள் அழவில்லை.

மதியம் பன்னிரண்டு மணிக்கு, பஸ் ஸ்டாண்டு மதில் சுவரில் கிழவரின் கண்களிலிருந்து தண்ணீர் இறங்கியது.

பெரிய ஆர்ப்பாட்டமெல்லாம் நடக்கவில்லை. டீக்கடைக்காரர்தான் முதலில் பார்த்தார். ஏ.சி. தண்ணீர் எங்கிருந்தோ ஒழுகுகிறது என்று நினைத்து மேலே பார்த்தார், மேலே வானம்தான் இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பா இருக்கு" என்றார். "நம்ம ஊர்த் தண்ணி வேற எப்பிடி இருக்கும்?" என்றார் பஸ்ஸுக்கு நின்றவர். மூன்று வருடமாக மழை பார்க்காத ஊர் அது. பெண்கள் குடம் வைத்துப் பார்த்தார்கள், அரைக் குடம்கூட நிறையவில்லை, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாரோ சூடம் ஏற்றினார்கள். யாரோ ஒரு முழம் பூ சாத்தினார்கள். மூன்றாம் நாள் ஆடுகள் வந்தன. உப்புக்கு அலையும் வெள்ளாடுகள் முன்னங்கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு, கிழவரின் கன்னத்துக்குக் கீழே ஈரம் இறங்கிய தடத்தை நக்கின. அதன்பிறகு அது ஊரில் நடக்கிற காரியங்களில் ஒன்றாகிவிட்டது.

ஊர் கவனித்தது தண்ணீரை அல்ல, குருவம்மாளை. மூன்றாம் நாளே அவள் பால் சொசைட்டிக்கு வேலைக்கு வந்துவிட்டாள். சாப்பிட்டாள், தூங்கினாள், கூடப்பிறந்தவர்களோடு சொத்தைப் பற்றி நிதானமாகப் பேசினாள். அவள் அழ வேண்டியதை அப்பாவே அங்கே நின்று அழுதுகொண்டிருந்தார். "மனசு எப்பிடி இருக்குக்கா?" என்று கேட்டவர்களிடம், "கழுவிக் கவுத்துன பானை மாதிரி இருக்கு" என்றாள். அந்த வார்த்தை ஊரெல்லாம் சுற்றியது.

அடுத்த கேதத்துக்கு வந்தவர்கள் படத்தைக் கொடுத்துவிட்டு, "கண்ணுக்கு இவன நிறுத்திக்கங்க" என்றார்கள். அதற்கடுத்ததற்கு அண்ணன் தம்பி இரண்டு பேரும் கடை வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கொள்ளி வைக்கிற உரிமை மூத்தவனுக்கு என்றால் கண் கொடுக்கிற உரிமை இளையவனுக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் தீர்த்து வைத்தார்கள். பெண் பிள்ளைகளும் கண் கொடுக்கலாம் என்று பிறகு சேர்த்துக்கொண்டார்கள். காகிதச் சுவரொட்டி கரைந்துவிடுகிறது என்று எல்லோரும் ஃபிளக்ஸுக்கு மாறினார்கள். சுவர் ஓதம் ஏறி உரியத் தொடங்கியதும் நகராட்சி சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, அழுகிற பேனர் ஒவ்வொன்றின் கீழும் பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து தூம்பு வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பால்பாண்டி பேனரோடு தூம்பையும் சேர்த்தே மாட்டினான். தூம்புகளெல்லாம் சேருகிற மூலையில் இரண்டு வேப்பங்கன்றுகள் உப்பேறிக் கருகின, ஆடுகள் கொழுத்தன.

நாகஜோதியின் பெயர் ஊரைத் தாண்டிப் போனது. இருபதாம் நாள் வெளியூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். அமலதாஸ் அவளுக்குத் தனி நாற்காலி, சுழல்கிற நாற்காலி, வாங்கிப் போட்டார். அவள் செய்வதைப் பார்த்து அவரும் அதேபோல் செய்தார், அவர் பொருத்திய கண் அழவில்லை. சும்மா பார்த்தது. "கை ராசிதான் தாயி, வேறென்ன" என்று விட்டுவிட்டார். சிரிப்பும் பேச்சுமாக இருந்தாலும் அவருக்குள்ளும் எதுவோ இருந்தது. ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு, ஏழு வருடத்துக்கு முன் கிணற்றில் விழுந்துபோன தன் தங்கையின் படத்தை எடுத்து வைத்து, "எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடு" என்றார். பண்ணிக் கொடுத்தாள். பால்பாண்டி தன் அம்மாவுக்குப் பண்ணிக்கொண்டான்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் காய்ச்சலில் போன ஐந்து வயது மகனின் படத்தோடு வந்தார்கள். யார் கண் என்று கேட்டாள். இரண்டு பேரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். தான் மட்டும் காலியாகிவிடக் கூடாது என்று இருவருக்குமே பயம், அடுத்தவர் இதைச் சுமக்கக் கூடாது என்று இருவருக்குமே ஆசை. நாகஜோதி இடது கண்ணை அவரிடமிருந்தும் வலது கண்ணை அந்த அம்மாளிடமிருந்தும் எடுத்தாள். அந்தப் பையன் காலையில் ஒரு கண்ணாலும் மாலையில் ஒரு கண்ணாலும் அழுதான். வீட்டில் அவர்கள் பாதி பாதியாகத் துக்கப்பட்டார்கள் என்றும், ஒரே அறையில் இருந்தும் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியவில்லை என்றும் ஊரில் சொன்னார்கள்.

பிறகு, சாவே இல்லாதவர்கள் வர ஆரம்பித்தார்கள். புருஷனிடம் அடிவாங்குகிற பெண் ஒருத்தி முப்பது வருடத்துக்கு முன் செத்த தாத்தாவின் பெயரில் நினைவஞ்சலி போடச்சொல்லித் தன் கண்ணைக் கொடுத்துவிட்டுப் போனாள். பரீட்சையில் தோற்றவர்கள், நிச்சயம் முறிந்தவர்கள், தண்ணீர் இல்லாமல் காய்ந்த மிளகாய்த் தோட்டக்காரர்கள் எல்லோரும் பரணிலிருந்து பழைய படங்களைத் தேடி எடுத்தார்கள். யாருடைய கொள்ளுப்பாட்டனோ, யாருடைய பெரியம்மாவோ, பெயர்கூட மறந்துபோன முகங்கள் சுவர்களில் வரிசையாக விழித்து நின்று தங்களுக்குத் தெரியாத காரியங்களுக்காக அழுதன. பஸ் ஸ்டாண்டு முடிந்து தாலுகா ஆபீஸ் சுவர், அது முடிந்து ரேஷன் கடைச் சுவர் என்று போனது. வேம்பூரணியில் வெங்காயம் நறுக்கினாலும் கண் கலங்காத காலம் ஒன்று வந்தது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, அவளுக்கும் வீட்டில் கண் எடுத்திருந்தார்கள், ஊஞ்சலிலிருந்து விழுந்து கை முறிந்து இரண்டு நாள் அப்படியே பள்ளிக்கூடம் போய் வந்தாள். அவள் அழாததால் யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் திட்டியபோது அவளுடைய அப்பா, "சொல்லிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னார்.

யாரும் நாகஜோதியைக் குறை சொல்லவில்லை. சாப்பாடு எடுத்து வந்து கொடுத்தார்கள், வாழ்த்தினார்கள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

நாற்பதாம் நாள் வாக்கில், டீக்கடைக்கு முன்னால் குருவம்மாள் அவளை நிறுத்தினாள். மதில் சுவரைக் காட்டி, "அந்தப் பெரியவரு படம் ரொம்ப நல்லா வந்திருக்குடி. கண்ணுல அப்பிடி ஒரு அம்சம். எந்த ஊர்க்காரரு?" என்று கேட்டாள்.

நாகஜோதி அவள் கையைப் பிடித்தாள். "யக்கா, அது ஒங்கப்பாக்கா."

குருவம்மாள் இன்னொரு முறை பார்த்தாள். மரியாதையாக, ஒரு விலாசத்தைச் சரிபார்க்கிறவளைப் போல. "அப்பிடியா? சரி சரி. பஸ் வந்துருச்சு, வாரேன்."

அன்று மாலை நாகஜோதி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொல்லி அழுதாள். கண்ணீர் போனால் கண்ணீரோடு ஆளும் போய்விடுகிறது என்று அவளுக்குத் தெரிந்துபோனது. இன்னும் இருபது நாள் இருந்தது. இப்போது விட்டால் சான்றிதழ் இல்லை, பட்டம் இல்லை, ஒரு வருடம் வீண். செல்லக்கனி மாவுச் சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள். நாற்பத்தாறு வயதுக்காரி. படம் எடுக்கும்போது கண்ணை மூடிவிடுகிற பழக்கம் அவளுக்கு. ரேஷன் கார்டில் மூடியிருப்பாள், மகளிர் குழுப் படத்தில் மூடியிருப்பாள், ஆதார் எடுத்தபோது ஏழு தடவை முயன்றுவிட்டு, படம் பிடித்த பையன் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான்.

"படம் எடுக்கப் போறாங்கன்னு கண்ணுக்குத் தெரிஞ்சிருதுடி, நான் என்ன செய்ய?" என்பாள் சிரித்துக்கொண்டே. அன்றைக்கும் சிரித்தாள். "எனக்கு மட்டும் எவ கண்ணையும் ஒட்டிப்புடாத தாயி. மூடுனபடி கெடக்கேன், நல்லாத் தூங்குறா மாவுக்காரின்னு ஊரு நெனச்சிக்கிடட்டும்."

"வாய மூடும்மா."

"அழு, அழு. இந்தத் தெருவுல அழுகிற சத்தம் கேட்டே ரொம்ப நாளாச்சு."

சென்னையிலிருந்து அழைப்பு வந்தது அந்த வாரம்தான். அழுகிற பேனர்களை யாரோ வீடியோ எடுத்துப் போட்டு, அது பெரிய விளம்பர நிறுவனம் ஒன்றின் கண்ணில் பட்டிருந்தது. முன்பு பதில் போடாத இருபத்தெட்டில் அதுவும் ஒன்று. நிரஞ்சனா மேடம் என்பவர் பேசினார். அழுகிறதைப் பற்றி அவர் கேட்கவில்லை, வேலையைப் பற்றித்தான் கேட்டார்.

"கண்ல ஆளை நிக்க வைக்கிற எதுவோ இருக்கு, நாகஜோதி. ஆனா நீ பண்ணுனது எல்லாமே அடுத்தவங்க கண்ணு. இங்க வேலை வேணும்னா உன்னோடதா ஒண்ணு அனுப்பு. பதினெட்டாம் தேதி சாயங்காலம் ஆறு மணி, அதுக்குமேல நான் லிஸ்ட்டை மூடிருவேன்."

ஒரு சுயபடம் வரைந்து அனுப்பலாம் என்று நினைத்துக்கொண்டாள். வீடு பார்க்க வேண்டும், கிரைண்டரை விற்றுவிட வேண்டும், அம்மாவுக்கு மெட்ராஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா என்றெல்லாம் யோசித்தாள்.

பதினெட்டாம் தேதி காலை ஆறே முக்காலுக்கு அவள் கடையில் உட்கார்ந்திருந்தபோது குருவம்மாள் வந்தாள்.

"ஒரு கேதம். பேனர் போடணும்."

"பேரு சொல்லுங்கக்கா."

"செல்லக்கனி. வயசு நாப்பத்தாறு."

நாகஜோதியின் விரல்கள் வழக்கப்படி அடித்துவிட்டன. செ, ல், ல. பெயர் முழுதாகத் திரையில் வந்த பிறகுதான் அவள் அதை வாசித்தாள்.

"ஒங்கம்மாதான்" என்றாள் குருவம்மாள். கரண்ட் இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள். "கிரைண்டர்ல கரண்ட் அடிச்சிருச்சு. தர பூரா ஈரம். நான்தான் சுவிட்ச அமத்தினேன். நீ அழுறதுன்னா அழு, நான் அப்பறமா வாரேன்."

அவள் அழுதாள். கடையில் அழுதாள், தெருவெல்லாம் அழுதுகொண்டே ஓடினாள், வீட்டு வாசலில் விழுந்து அழுதாள். வேம்பூரணிக்கு அது அதிசயமாக இருந்தது. வீட்டைச் சுற்றிக் கூட்டம் கூடியது. இறந்தவளைப் பார்க்க அல்ல, அழுகிறவளைப் பார்க்க. சிறுபிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு பெண்ணின் உடம்பு இப்படியெல்லாம் குலுங்குமா என்று பெரியவர்களே மறந்துபோயிருந்தார்கள். அமலதாஸ் மாலையோடு வந்து நின்றார், காய்ந்த கண்ணோடு, என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய தலையை இரண்டு முறை தட்டிக் கொடுத்தார். ஊரே சுற்றி நின்றும் அவளோடு அழ ஒரு ஆள் இல்லை. நூறு பேருடைய துக்கத்துக்குக் கண் திறந்தவள், தன்னுடையதை ஒற்றை ஆளாகச் சுமந்தாள். அது நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டியது. நாற்பது பேர் சேர்ந்து அழ வேண்டியது.

மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. நான்கு மணிக்குக் கடைக்கு வந்தாள். அம்மாவின் படம் என்று இருந்தது மகளிர் குழுப் படம் ஒன்றுதான். சிரித்த முகம், மூடிய கண். திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சு முட்டியது, விலா வலித்தது. சுவரில் கடிகாரம் நாலரையைக் காட்டியது.

"மூடுனபடியே விட்டுரு தாயி" என்றார் அமலதாஸ். "அதுவும் ஒரு அழகுதான்." சொன்னாரே தவிர அவருக்கு அதில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு மாலைப்பொழுதுக்கு, என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆறு மணி வரைக்கும் கை நடுங்காமல் இருந்தால் போதும். அனுப்பிவிட்டு நாளைக்கே பேனரைக் கிழித்து எடுத்துவிட்டால் எல்லாம் என்னிடமே திரும்பிவிடும். திரும்புமா என்று அதுவரை யாரும் கிழித்துப் பார்த்ததில்லை. திரும்ப வேண்டும் என்று அந்த ஊரில் யாரும் கேட்டதே இல்லை. ஐந்து மணிக்கு ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, ஒரு விம்மலுக்கும் அடுத்த விம்மலுக்கும் இடையில், தன் கண்களைத் தானே எடுத்தாள்.

பொருத்தியதும் செல்லக்கனி முதல்முறையாக ஒரு படத்தில் விழித்துக்கொண்டிருந்தாள். நாகஜோதியின் இடுப்பிலிருந்து ஒரு குடம் இறங்கியது. முகத்தைக் கழுவிக்கொண்டாள். பெயருக்கும் தேதிக்கும் இடையே இடைவெளி கொஞ்சம் அதிகம் என்று தோன்றியது, குறைத்தாள். அந்தப் படத்தையே ஐந்து ஐம்பதுக்குச் சென்னைக்கு அனுப்பினாள். எட்டு மணிக்கு, தேர்வாகிவிட்டாய் என்று பதில் வந்தது.

பேனரைக் கிழிக்க வேண்டும் என்று மறுநாள் அவளுக்கு நினைவிருந்தது. ஏன் என்றுதான் நினைவில்லை.

அறுபதாம் நாள் அமலதாஸ் சான்றிதழ் கொடுத்தார். சடங்கு பேனருக்கு வைக்கிற அதே தங்கப் பூக்கரை, நான்கு மூலையிலும் வெண்புறா, நடுவில் 'எங்கள் அன்பு நாகஜோதி' என்று தொடங்கி அவளுடைய நன்னடத்தைக்கு ஒரு பத்தி. பால்பாண்டி பஸ்ஸில் பையை ஏற்றி வைத்தான். பஸ் மதில் சுவரைச் சுற்றித் திரும்பியபோது வரிசையின் கடைசியில் ஒரு அம்மாள் தாரை தாரையாக அழுதுகொண்டிருந்தாள். தூம்பு நிறைந்து வழிந்தது, ஐந்தாறு ஆடுகள் முட்டி மோதின. மற்றவர்களைவிட அதிகமாக அழுகிறாளே என்று நாகஜோதி நினைத்தாள். பிறகு டிக்கெட் எடுத்தாள்.

சென்னையில் அவள் நன்றாக வந்தாள். டீத்தூளுக்கும் வங்கிக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் அவள் பொருத்திய கண்கள் சாலையில் போகிறவர்களை நிறுத்தின. அவை அழவில்லை, அழத் தேவையும் இல்லை. பட்டம் வந்தது. ஆறாவது மாத முடிவில், ஒரு மதிய வேளையில், வேலையை நிரந்தரமாக்கிய கடிதத்தை நிரஞ்சனா மேடம் எல்லோர் முன்னிலும் கொடுத்தார். கைதட்டினார்கள். கேக் வந்தது. பக்கத்து மேஜை ஷர்மிளா அவளுடைய பழைய வேலைகளைத் திரையில் தள்ளிப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசிப் படத்தில் நின்றாள்.

"இது யாரு நாகு? பார்த்துட்டே இருக்கலாம் போல இருக்கு."

"ஊர்ல மாவு விக்கிற அம்மா ஒருத்தங்க. கண்ணு மட்டும் என்னோடது."

அப்போது போன் அடித்தது. அமலதாஸ்.

"நல்லாருக்கியா பாப்பா? ஒண்ணுமில்ல, தகவல் சொல்லலாம்னு. இங்க மதில்ல இருக்கிற ஒங்க பேனர்ல ஒரு கோளாறு. காலையில பால்பாண்டி பார்த்திருக்கான், கண்ணு மூடிக்கிருச்சு."

"எந்தப் பேனருண்ணே?"

"மாவுக்காரம்மா. ரெண்டு கண்ணும் நல்லா இறுக்கி மூடிக்கிருச்சு. தூம்புல சொட்டுத் தண்ணி இல்ல. எதுத்தாப்புல பெட்டிக்கடையில நேத்து புதுசா கேமரா வச்சிருக்கான், மதிலப் பார்த்த மாதிரி. அதுனாலயா இருக்குமோன்னு பால்பாண்டி கிண்டல் பண்றான். ஃபைல அனுப்பு, திறந்து வேற அடிச்சிருவோம்."

அவள் போனைக் காதில் வைத்தபடியே திரும்பினாள். திரையைப் பார்த்தாள். ஷர்மிளா திறந்து வைத்த அந்தப் படத்திலும் கண்கள் மூடியிருந்தன. படம் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்ட முகம், சிரிப்பை அடக்குகிற உதடு. எங்கிருந்தோ புளித்த மாவு வாசம் வந்தது. ஈரத் தரை வந்தது. ஏழு தடவை முயன்று கையெடுத்துக் கும்பிட்ட ஆதார்ப் பையன் வந்தான். ஆறு மாதமாக ஒரு மதில் சுவரில் ஒழுகிக்கொண்டிருந்தது மொத்தமும் வழி கண்டுபிடித்து வந்து அவளுடைய விலாவுக்குள் ஏறியது.

"பாப்பா? லைன்ல இருக்கியா? திறந்து அடிக்கவா?"

"வேண்டாம்ணே" என்றாள். "மூடுனபடியே இருக்கட்டும்."

கடிதத்தின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. பிறகு அவள் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, அந்தக் குளிரூட்டிய அறையில் யாரும் அதுவரை கேட்டிராத சத்தத்தில் அழ ஆரம்பித்தாள். கேக்கை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். ஷர்மிளா அவளைத் தோளோடு பிடித்துக்கொண்டாள். மேடம் முழங்கால் போட்டு எதிரில் உட்கார்ந்து, "என்ன ஆச்சு? யாருக்கு என்ன?" என்று கேட்டார்.

"எங்கம்மா செத்துட்டாங்க."

"ஐயோ. எப்போ?"

நாகஜோதி நிமிர்ந்து, நிறைந்த கண்களோடு அவரைப் பார்த்தாள்.

"இப்பத்தான்" என்றாள்.